15 வயசு மருமவன், போர்ச்சுகல் அகாடமி, 11 லட்சம்: அனுப்பலாமா?

வள்ளவிளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். இங்க எழுதுறது முதல் தடவ, தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

எனக்க அக்கா மகனுக்கு போன மாசம் 15 முடிஞ்சுது. இடது கால்க்காரன். நடக்கப் படிச்ச நாள்ல இருந்து கடப்புறத்துல கெடந்து பந்து தட்டுறவன். காலுக்குப் பூட்டு (பூட்ஸ்) போட்டதே போன வருஷந்தான், மார்த்தாண்டத்துல நான் வாங்கிக் குடுத்தது. மாமன்ங்கிறதுக்காகச் சொல்லல்ல. பங்குத் திருவிழா டோர்ணமெண்டுல இவன் காலுக்குப் பந்து வந்தா, ஐஸ் விக்கிறவன் மணியடிக்கிறத நிப்பாட்டிட்டுப் பாப்பான். அத நானே கண்டிருக்கேன்.

ரெண்டு மாசம் முன்ன, திருவனந்தபுரத்துல ஒரு டர்ஃபுல செலக்‌ஷன்னு வாட்ஸ்அப்புல வந்துது. களியக்காவிளையில பஸ் ஏறிப் போனோம். தலைக்கு 3,500 ரூவா. எண்பது பிள்ளேளு இருக்கும், ஆலப்புழையில இருந்தெல்லாம் வந்திருந்தாவ. ஆளுக்கு இருபது நிமிஷம் களிக்க விட்டாவ. ஒரு வெள்ளைக்காரரு கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஓரத்துல நின்னு நோட்டுல எழுதிட்டே இருந்தாரு. பத்து நாள்ல லெட்டர் வந்துது. போர்ச்சுகல்ல ஒரு அகாடமி, பத்து மாசம், தங்க இடமும் சாப்பாடும் உண்டு, பெரிய கிளப்பு ஆளுங்க முன்னால ஆட்டம். மொத்தம் 11 லட்சம். இடம் பிடிச்சு வைக்கணும்னு 25,000 கட்டியாச்சு.

அத்தான் கடல்ல. கொச்சி தோப்பும்படியில இருந்து மீன்பிடி போட்டு கடல்ல எறங்கி இருபது நாளாச்சு, கரைக்கு வர இன்னும் அத்தன நாளு ஆவும். அக்கா நகைய எடுத்து மேசையில வச்சுட்டா, பேங்குக்குப் போவணும்ங்கியா. ஏஜென்ட்டு சேட்டன் நல்ல மனுஷன் போலத்தான் பேசுதாரு. "மெஸ்ஸி 13 வயசுல போனாரு, உங்க பையனுக்கு இப்பவே லேட்டு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான் அக்காவ பிடிச்சுப் போட்டுது.

சின்ன வயசுல வெளிநாடு போயி பந்து களிக்கிறவங்களுக்கு உள்ளபடி எப்படி நடக்குது? தெரிஞ்சவிய சொல்லுங்க. பயலுக்கு ராத்திரி ஒறக்கமே இல்ல. போன்ல போர்ச்சுகல் கடியாரத்த வச்சுக்கிட்டு, "மாமா, அங்க இப்ப சாயங்காலம்"ங்கான்.

மஞ்சப்பட 17

அண்ணா, யோசிக்கவே வேண்டாம், அனுப்புங்க! இங்க இருந்தா மாநில டீமுக்காக சந்தோஷ் டிராஃபி, அப்புறம் ஏதாவது டிப்பார்ட்மெண்ட் வேலை, அவ்வளவுதான். ஸ்பெயின்காரன் ஃபேப்ரிகாஸ் 16 வயசுல பார்சலோனாவ விட்டு இங்கிலாந்து ஆர்சனல் போனான். கொரியாக்காரன் சன் ஹியூங் மின் 16ல ஜெர்மனி. நம்ம பசங்கதான் அம்மா மடிய விட்டு எறங்க மாட்டாங்க.

பழைய லெஃப்ட் பேக்

வள்ளவிளைத் தம்பிக்கு. ஏஜென்ட்டுக்கு ஒரு ரூவாகூட இனி போகக் கூடாது. அக்கா நகையை முதல்ல உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்க. அப்புறம் நிதானமா இதை வாசிங்க.

அந்த மெஸ்ஸி கதையிலிருந்தே தொடங்குறேன். ரொசாரியோவில இருந்து மெஸ்ஸி பார்சலோனாவுக்கு ட்ரையல் போனது 2000 செப்டம்பர். டிசம்பர்ல அந்தக் கிளப்பு அதிகாரி கார்லெஸ் ரெக்ஸாக் ஒரு பேப்பர் நாப்கின்ல ஒப்பந்தம் எழுதிக் குடுத்தாரே, அந்த நாப்கின் 2024ல ஏலத்துல ஏழரை லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல போச்சு. கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுல பைசா எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் போச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. பையனுக்குத் தினமும் போடவேண்டிய வளர்ச்சி ஹார்மோன் ஊசிச் செலவைக் கிளப்புதான் ஏத்துக்கிட்டுது. மெஸ்ஸியின் அப்பா யாருக்கும் 11 லட்சம் கட்டல்ல. கால் வேணும்னு நெனைக்கிறவன் பைசா தருவான். பைசா கேக்குறவனுக்கு வேண்டியது காலு இல்ல.

ரெண்டாவது, மெஸ்ஸி போனதுக்கு அடுத்த வருஷம், 2001ல, சட்டமே மாறிப்போச்சு. உலகக் கால்பந்து அமைப்பு ஃபிஃபாவுடைய வீரர் மாற்ற விதிகள்ல 19வது பிரிவுன்னு ஒண்ணு உண்டு. 18 வயசுக்குக் கீழே ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குக் கிளப்பு மாறக் கூடாது. விலக்கு கொஞ்சம் இருக்கு. அப்பா அம்மா பந்துக்கு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுல குடியேறினா கூடப் போற பிள்ளை ஆடலாம். ஐரோப்பிய யூனியனுக்குள்ளேயே மாறுறதா இருந்தா 16 போதும், படிப்பும் தங்குமிடமும் கிளப்பு உறுதி குடுக்கணும். மஞ்சப்படத் தம்பி சொன்ன ஃபேப்ரிகாஸ் 2003ல போனது இந்த வழியில. இங்கிலாந்து யூனியனை விட்டுப் போன பிறகு அந்தக் கதவும் அடைச்சாச்சு, இப்ப ஒரு ஸ்பெயின் பையன் 16 வயசுல ஆர்சனல் போக முடியாது.

இன்னொரு விலக்கைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துது. பையன் வீடு எல்லையில இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள, பக்கத்து நாட்டுக் கிளப்பும் எல்லையில இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள இருந்தா, வீட்டுல இருந்துக்கிட்டே போய் ஆடலாமாம். நமக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு! தமிழ்நாட்டு நீரோடியில அடிச்ச பந்து கேரளத்துப் பொழியூர்ல போய் விழும், எடுத்துட்டு வர ஒரு பயலும் பாஸ்போர்ட் கொண்டுபோனதில்ல. என்ன செய்ய, அது நாட்டு எல்லைக்குத்தான், மாநில எல்லைக்கு இல்ல.

இனி ஒரு ஜப்பான் பையன் கதை. உங்க மருமவனுக்கு நீங்க சொல்லவேண்டியது மெஸ்ஸியை இல்ல, இவனைத்தான். டாகெஃபுசா குபோ. 2001 ஜூன்ல கவாசாகியில பொறந்தவன். இடது கால். பார்சலோனா ஜப்பான்ல நடத்துன கேம்ப்புல எட்டு வயசுல கண்ணுல பட்டான், 2011ல, பத்து வயசுல, அந்தக் கிளப்பு அகாடமியிலேயே சேர்ந்தான். ஒரு சீசன்ல 30 ஆட்டத்துல 74 கோலு. இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா 19வது பிரிவை மீறித்தான் பல பிள்ளைகளைக் கிளப்பு எடுத்திருக்குன்னு 2014 ஏப்ரல்ல ஃபிஃபா கண்டுபிடிச்சுது. நாலரை லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம், ரெண்டு டிரான்ஸ்ஃபர் சீசனுக்குப் புது ஆள் எடுக்கத் தடை. பார்சலோனாவுக்கு அது கொசுக்கடி. பிள்ளைகளுக்கு அப்படியில்ல, ஆட்டத்துல எறங்க முடியாமப் போச்சு.

அப்ப குபோ குடும்பம் ஒரு காரியம் செஞ்சுது பாருங்க, அதை நான் பலதடவ நெனச்சிருக்கேன். 2015ல பையனைத் திருப்பி ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போயி எஃப்சி டோக்கியோ ஜூனியர்ல சேர்த்தாங்க. பார்சலோனாவை விட்டுட்டு! நம்ம ஊர்ல அதைச் செஞ்சா 'தோத்துட்டு வந்துட்டான்'னு சந்தி சிரிச்சிருக்கும். அவன் அங்க சும்மா இருக்கல்ல. 15 வயசுலேயே பெரியவங்களுக்கான மூணாம் டிவிஷன்ல எறங்கிட்டான். 2019 ஜூன் 4ல 18 முடிஞ்சுது, பத்து நாள்ல ரியல் மாட்ரிட் அறிவிப்பு வந்துது. அங்க முதல் டீமுல இடம் கிடைக்கல்ல, அதுவும் கதையில உண்டு. மயோர்க்கா, வில்லாரியல், கெட்டாஃபேன்னு வேற கிளப்புகளுக்கு ஆளைக் கடனா விட்டு மூணு வருஷம் அலைய வச்சாங்க. 2022ல ரியல் சோசியடாடுக்கு வந்தப்புறந்தான் நெலைச்சான். முதல் சீசன்லயே லீக்ல 9 கோலு, டீம் நாலாவது எடத்துல வந்து சாம்பியன்ஸ் லீக் ஆடிச்சு.

அதே பார்சலோனாவில அதே தடையில மாட்டுன கொரியாக்காரன் லீ சியுங் வூ. அவனையும் கொரியாவோட மெஸ்ஸின்னுதான் சொன்னாங்க. அவன் அங்கேயே 18 முடியக் காத்திருந்தான், 2016 ஜனவரி வரை. ஆட்டமே இல்லாத வருஷங்கள். அப்புறம் இத்தாலி, பெல்ஜியம் போயி இப்ப கொரியா லீக்ல ஆடுறான். மோசமான ஆட்டக்காரன் இல்ல. ஆனா 15, 16, 17 வயசுல ஒருத்தனுக்கு வேண்டியது பேர் பெத்த கிளப்பு சட்டை இல்ல, வாராவாரம் புள்ளியுள்ள ஆட்டம். அது ஒருதடவ போனா போனதுதான்.

வள்ளவிளைக்காரன்

அண்ணே, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். விதி இப்படின்னா இவிய எப்படி லெட்டர் தருதாவ? போலீஸ் பிடிக்காதா? லெட்டர்ல கிளப்புக்க முத்திரை எல்லாம் இருக்கு. ஏஜென்ட்டுட்ட கேட்டேன். "இது டிரான்ஸ்ஃபர் இல்ல, ட்ரெயினிங், விதிக்கு வெளியே"ன்னு சொன்னாரு. விசிட் விசாவுல முதல்ல போவலாம், பொறவு மாத்திக்கிடலாம்ங்காரு.

நைட் டியூட்டி, ஃபிராங்க்ஃபர்ட்

நான் பந்து பாக்குற ஆளு இல்ல. ஊரு களியக்காவிளை பக்கம், இங்க நர்ஸ் வேலை. விசா விஷயம் மட்டும் சொல்றேன். போர்ச்சுகலும் சேர்ந்த ஷெங்கன் நாடுகள்ல விசிட் விசாவுல 180 நாளுக்குள்ள 90 நாளுதான் இருக்க முடியும். பத்து மாசத்துக்கு அது எப்படிப் போதும்? படிக்கப் போறவனுக்கு படிக்கிற விசா ஊர்லயே எடுக்கணும். நான் ஜெர்மன் பாஷை பி2 பரீட்சை பாஸாகி, பேப்பர் ஒவ்வொண்ணா சரிபாத்து வர ஒண்ணரை வருஷம் ஆச்சு. "போயிட்டு மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

அந்தப் பிள்ளைக்கு அங்க காய்ச்சல் வந்தா யாரு பாப்பா? காண்ட்ராக்ட்ல அது இருக்கான்னு பாருங்க.

பழைய லெஃப்ட் பேக்

நர்ஸ் தங்கச்சி என் வேலையைப் பாதி முடிச்சுட்டாவ.

ஏஜென்ட்டு 'ட்ரெயினிங்'னு சொன்னது பொய் இல்ல தம்பி, அதுதான் இதுல உள்ள சூட்சுமம். தனியார் அகாடமி எந்த லீக்குலயும் பதிஞ்ச கிளப்பா இருக்க வேண்டியதில்ல. அங்க போற பையனை யாரும் பதியவே மாட்டாங்க. பதிஞ்சாத்தானே விதி? காலையில பயிற்சி, சாயங்காலம் இன்னொரு அகாடமிகூட நட்பு ஆட்டம், அதை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்புவாங்க. பத்து மாசம் கழிச்சு வரும்போது பையன் கையில டிராக் சூட் இருக்கும், ஒரு லீக் ஆட்டத்துக்கான பதிவு இருக்காது. 2023 ஜூன்ல வடக்கு போர்ச்சுகல்ல இந்த மாதிரி ஒரு அகாடமிக்குள்ள அதிகாரிங்க புகுந்து, வெளிநாட்டுச் சிறுவர்களை டஜன் கணக்குல மீட்டாங்க. ஆள் கடத்தல் வழக்கு. உங்க லெட்டர்ல உள்ள அகாடமி அப்படின்னு நான் சொல்லல்ல. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்துக்கு 15 வயசுப் பிள்ளையை விசிட் விசாவுல விடுறதா?

ஏஜென்ட்டுட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, ஃபிஃபா லைசென்ஸ் நம்பர். பரீட்சை எழுதி வாங்குறது அது. ஃபிஃபா தளத்துல பேரைப் போட்டா வரும்.

ஊர்ல உள்ள உங்க கிளப்பு மருமவனை ஏஐஎஃப்எஃப் (அகில இந்தியக் கால்பந்துச் சங்கம்) பதிவுல ஏத்தியிருக்கா? நிச்சயமா இல்ல, நம்ம கடப்புறத்துப் பழக்கம் எனக்குத் தெரியும். அதுல ஏத்தினா எந்த வயசுல எங்கே ஆடுனான்னு ஒரு கணக்கு உருவாகும். நாளைக்கு அவன் வெளிநாட்டுல முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டா, வளர்த்த கிளப்புக்கு ஈட்டுத்தொகை உண்டு. பின்னால பெரிய தொகைக்குக் கைமாறினா அதுல 5 சதவீதம் 12 முதல் 23 வயசு வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு வரும். வலை வாங்கவும் பந்து வாங்கவும் திருவிழாவுக்குத் திருவிழா நன்கொடை கேட்டு நிக்கிற நம்ம கிளப்புகளுக்கு அது எவ்வளவு பெரிய காசு!

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு எழுதுறேன்னு கேப்பீங்க.

ஒரு காலத்துல நான் மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம், ஆடப் போவேன். டிசம்பர்ல தொடங்குனா மே வரை, அறுவடை முடிஞ்ச வயல்ல மூங்கில் காலரி கட்டி, லைட் போட்டு, ராத்திரி ஆட்டம். ஒவ்வொரு டீமுலயும் ரெண்டு மூணு ஆப்பிரிக்காக்காரங்க இருப்பாங்க. எந்த நாடுன்னு யாரும் கேக்குறதில்ல, எல்லாருக்கும் 'சூடானி'ன்னு ஒரே பேர்தான். எங்க ரூமுல இருந்தவன் கானாக்காரன், 19 வயசு. இந்தியாவுல பெரிய லீக்கு, பெரிய கிளப்புன்னு சொல்லி அவங்க ஊர் ஏஜென்ட்டு பைசா வாங்கிட்டு ஏத்தி விட்டிருக்கான். அவனுக்க அம்மா எதையோ வித்துத்தான் குடுத்திருக்கு. எறங்கிப் பாத்தா வயல். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கூலி, மழை பெஞ்சா அதும் இல்ல. பாஸ்போர்ட் மேனேஜர் பெட்டியில.

நான் ஊர்ல இருந்து கொண்டுபோன சுறாக் கருவாட்டைப் பொரிச்சா அவன் ஓடி வருவான். அவங்க ஊர்லயும் கடல் உண்டாம், கருவாடும் உண்டாம். ஒருநாள் ராத்திரி ஆட்டம் முடிஞ்சு வந்து பூட்டைக் கழட்டுனான். அடிப்பாகம் பிரிஞ்சு, எலக்ட்ரிக் வேலைக்காரங்க சுத்துற கறுப்பு டேப்பை மூணு சுத்து சுத்தியிருந்தான். அந்த டேப்பை வீணாக்காம மெதுவா உரிச்சு, பிசுபிசுப்பு போகாம கட்டில் கம்பியில ஒட்டி வச்சான், அடுத்த நாளைக்கு. அம்மாட்ட போன்ல பேசும்போது மட்டும் சிரிச்சுக்கிட்டே பேசுவான். பாஷை எனக்குப் புரியாது. 'ஸ்டேடியம்'ங்கிற வார்த்தை மட்டும் நல்லாக் கேட்டுது.

ஏஜென்ட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுபோலத்தான் பேசுறான்.

மஞ்சப்பட 17

சரி அண்ணா, ஒத்துக்கறேன். ஆனா அப்ப நம்மாளு யாரும் போகவே கூடாதா? ஆஷிக் குருணியன் ஸ்பெயின் போகலையா?

பழைய லெஃப்ட் பேக்

போனான், நல்லா போனான். மலப்புறத்துப் பையன், புனே அகாடமியில வளர்ந்தவன், 2016ல வில்லாரியல் மூணாம் டீமுக்குப் போகும்போது வயசு 19. கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவுல கடன் ஒப்பந்தம், அம்மா நகை இல்ல. குர்பிரீத் சிங் நார்வே போனது 22 வயசுல, ஈஸ்ட் பெங்கால்ல ஆடுன பிறகு.

சன் ஹியூங் மின்னைச் சொன்னீங்க. அவனை 2008ல ஹாம்பர்குக்கு அனுப்புனது கொரியா கால்பந்துச் சங்கத் திட்டம். அதுக்கு முன்னால அவங்க அப்பா பிழிஞ்ச பிழி தெரியுமா? அண்ணன் தம்பி சண்டை போட்டதுக்கு, நாலு மணி நேரம் பந்து கீழே விழாம தட்டுங்கடான்னு நிப்பாட்டினவரு. அதுக்குப் பைசாச் செலவு இல்ல.

நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்த மணல்ல இருந்துதான் போனான். சென்னை சிட்டி, ஜம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தா ஏடிகே, அங்க ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை. ஐஎஸ்எல்லுக்கு வரும்போது இருபத்து மூணு, நாலு வயசு இருக்கும். லேட்டுன்னு எந்த ஏஜென்ட்டும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கல்ல போல.

வள்ளவிளைக்காரன்

ஒரு மாசம் ஆச்சு. வந்து சொல்லணும்னு தோணிச்சு.

லைசென்ஸ் நம்பர் கேட்டேன். "அதெல்லாம் போர்ச்சுகல்ல உள்ள சாருக்கு, நான் கோஆர்டினேட்டர் மட்டும்"னாரு. அப்புறம் போன் எடுக்கல்ல. 25,000 போனது போனதுதான். அக்கா ரெண்டு நாளு எங்கூட மிண்டல்ல, மகனுக்க வாழ்க்கைய நான் கெடுத்தேன்னு. அத்தான் கரையேறி வந்து லெட்டரப் பாத்தாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதுல இருக்குற ஊரு கடலோரமா?"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்குத் தெரியல்ல. "கடலுக்குப் போறவன்கூட எந்தப் பக்கம் போறேன்னு சொல்லிட்டுப் போவான்"னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு.

கிளப்புல பதியுறதுக்கு பயல போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போனேன். முறைச்சுட்டே நின்னான், ஸ்டுடியோக்காரன் மூணுதடவ எடுத்தும் அதே மொகம். அதையே ஏத்தியாச்சு. அடுத்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கும், ரெசிடென்ஷியல் அகாடமி ஏதாவது ஏஐஎஃப்எஃப் அங்கீகாரம் உள்ளதான்னு பாத்து அதுக்கும் முயற்சி செய்யலாம்னு இருக்கோம். குபோ கதைய சொன்னேன். முதல்ல கேக்கல்ல. நேத்து ராத்திரி போன்ல அந்தப் பயலுக்க ஆட்டத்தப் பாத்துட்டு இருந்தான், நானும் ஒண்ணும் கேக்கல்ல. போர்ச்சுகல் கடியாரம் இன்னும் போன்லதான் இருக்கு.

அண்ணே, நீங்க எந்த ஊருன்னு சொல்லல்லியே. பக்கத்துலன்னா இவனை ஒருதடவ பாக்க முடியுமா? வலது கால் சுத்தமா மரக்கட்டை.

பழைய லெஃப்ட் பேக்

பூத்துறை தம்பி. நடந்தே வரலாம்.

வலது கால் மரக்கட்டைன்னா எதிர்ல நிக்கிற லெஃப்ட் பேக் ரெண்டாவது தடவையே கண்டுபிடிச்சுடுவான், நான் அந்த இடதுபக்கம் தடுக்குற வேலைதான் பார்த்தேன். மணல்ல ஆடுற பிள்ளைகளுக்கு இன்னொரு கோளாறு உண்டு, பந்து எழும்பாதுன்னு நெனச்சே கால் வைப்பாங்க. நனைஞ்ச புல்லுல அது வழுக்கிட்டுப் போயிரும்.

ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. ஒரு சுவரு, ஒரு பந்து போதும். இடது காலுல மட்டும் பூட்டு போட்டுட்டு வரச் சொல்லுங்க, வலது வெறுங்கால்.